புரட்டாசிச் சனிக்கிழமையில் ஆட்டு மூளை

திருப்பூரில் பிறந்து உயிர்வேதியியல் பக்கம் ஒதுங்கியவர்களுக்கு ஊர் ஒரே ஒரு கேள்வியைத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறது. "ஆராய்ச்சி பண்றீங்களா? அப்ப சாயத் தண்ணிதானுங்களே?" கல்யாண வீட்டில் கேட்பார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கேட்பார்கள். பல் டாக்டர் வாய்க்குள் பஞ்சைத் திணித்துவிட்டுக் கேட்பார். இல்லை என்று தலையாட்டினால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். சாயப்பட்டறைக் கழிவில் ஆறு இப்படிக் கிடக்கும்போது உனக்கு வேறென்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கிறது என்று அந்தப் பார்வைக்குப் பொருள்.

ஆறு கிடக்கிற கிடையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நான் ராயபுரத்தில் வளர்ந்தவள். அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. செய்கிறவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் எனக்குப் பிடித்துப்போனது வேறொன்று. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பிடித்துப்போனது இதுதான். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு சட்டகம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய்களால் ஆன சட்டகம். செல் தன் வடிவத்தில் நிற்பதும், உள்ளே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சரக்கு போவதும், செல் இரண்டாகப் பிரிவதும் அந்தக் குழாய்களால்தான். டியூபுலின் என்ற புரதம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு குழாயாகிறது. வேலை முடிந்தால் பிரிந்து போகிறது. இதில் உலோகங்களுக்கு ஒரு பங்கு உண்டு. கொஞ்சம் மெக்னீசியம் இருந்தால்தான் அந்தப் புரதம் ஒழுங்காகக் கூடும். கால்சியம் கூடிப்போனால் கூடியது பிரிந்துவிடும். துத்தநாகம் சேர்த்தால் குழாயே வராமல் விரித்துப் போட்ட தாளாக வரும். புரதம் அதேதான், பக்கத்தில் நிற்கிற உலோகம் மட்டும் வேறு, உருவமே மாறிப்போகிறது.

எம்.எஸ்சி. படிக்கும்போது இதை முதன்முதலில் வாசித்துவிட்டு, அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. காரணம் இருக்கிறது. குண்டடத்தில் வெள்ளாமைக் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்த என் அப்பா, வீட்டை ஒட்டிய ஷெட்டில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். வட்ட மெஷின். அதிலிருந்து துணி எப்போதும் குழாயாகத்தான் இறங்கும். உள்பனியனுக்கு அந்தக் குழாயை அப்படியே வெட்டிவிடலாம். வேறு சிலதுக்கு நீளவாக்கில் கிழித்து, விரித்து அனுப்ப வேண்டும். அந்தக் குழாய் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே தட்டில் சோறு தின்று வளர்ந்தவள், செல்லுக்குள்ளும் ஒரு குழாய் பின்னப்படுகிறது, ஒரு துளி துத்தநாகம் அதை விரித்த துணியாக்கிவிடுகிறது என்று படித்தால் சும்மா இருப்பாளா? கத்தியில்லாமல் எப்படி விரிகிறது? எவ்வளவு துத்தநாகம் வரை குழாய் தாங்கும்? எந்த இடத்தில் மனம் மாறும்? அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இன்றுவரை விடவில்லை.

வேலை பார்க்கும் கல்லூரியிலேயே பி.எச்டி.க்குப் பதிந்தேன். அவிநாசியிலிருந்து தினமும் பைக்கில் வருகிற என் நெறியாளர் நல்ல மனிதர். வரிசையாகப் பல பேரைச் சாயக் கழிவில் டாக்டராக்கி அனுப்பியவர். என் தலைப்பைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, நம்ம காலேஜ்ல இதெல்லாம் ஆகுமா?"

"ஆகும் சார்."

"சாயத்தைத் தின்னற பாக்டீரியான்னு எழுதிட்டா கமிட்டி கண்ணை மூடிட்டுப் பாஸ் பண்ணிருமேம்மா."

"கண்ணைத் தொறந்துட்டே பண்ணட்டுமுங்க சார்."

அவர் சிரித்தார். கையெழுத்துப் போட்டார். ஆனால் அந்தச் சிரிப்பில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை.

டியூபுலின் கடையில் கிடைக்கும், யானை விலையில். நாங்கள் ஏழைக் கல்லூரி. சொந்தமாகத்தான் எடுக்க வேண்டும். அது அதிகமாக இருக்கிற இடம் மூளை. மூளை என்றால் ஆட்டு மூளை. அதுவும் அறுத்த சூடு ஆறுவதற்குள் ஐஸில் போட்டுக் கல்லூரிக்குக் கொண்டு போய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது, பிள்ளைகளுக்குப் புத்தி வரும் என்று அம்மாக்கள் முன்னமே சொல்லி வைத்து வாங்கிப் போய்விடுவார்கள். ஆகவே வார நாட்களில், விடிந்தும் விடியாமலும், ராயபுரத்து மட்டன் கடையில் ஐஸ் பெட்டியோடு நான் நிற்பேன். கடைக்கார பாய் முதல் மாதம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் மாதம் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா, வாரா வாரம் இத்தனை மூளை வாங்கறியே, ஊட்டுல யாருக்கு அத்தனை குறைச்சல்?"

"எனக்குத்தான் பாய்."

"அதான் பாத்தாலே தெரியுதே," என்று சொல்லிவிட்டு, மூளை சிதையாமல் பக்குவமாக எடுத்துக் கொடுத்தார்.

சித்திரையில் முதல் தடவையாகக் கூடியது. டியூபுலின் கரைசலை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் குழாய்கள் கூடி, கரைசல் லேசாகக் கலங்கும். அந்தக் கலங்கலை அளக்கும் கருவியின் திரையில் கோடு ஏறும். குளிர வைத்தால் குழாய்கள் பிரிந்து, கோடு இறங்கும். ஏறியது, இறங்கியது. நான் அந்த ஆய்வகத்தில் தனியாக நின்று கை தட்டினேன். ஆய்வுக் குழுவிடம் காட்டினேன். வெளியிலிருந்து வருகிற பெரியவர்கள் இருவர், என் நெறியாளர், இவ்வளவுதான் குழு. தலைவராக இருந்த கோயம்புத்தூர்ப் பேராசிரியர் திரையைப் பார்த்துவிட்டு, ஒரு தடவை வந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அதே கல்லூரியில், அதே கையால், மறுபடியும் செய்து காட்ட வேண்டும். அடுத்த கூட்டத்துக்குள் முடியவில்லை என்றால் தலைப்பைச் சாயக் கழிவுக்கு மாற்றிவிட வேண்டும். அவர் சொன்னதில் பாதி நியாயம். மறுபாதியை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆடி மாதம் எங்கள் காய்ச்சி வடிக்கும் கருவி படுத்துவிட்டது. எங்கள் ஊர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்து, அதன் சுருளில் சுண்ணாம்பு கல்லாக ஏறி, கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. புதியது வரும்வரை ஸ்டோர் பொறுப்பில் இருக்கும் அண்ணன் ஏற்பாடு செய்தார். ஐம்பதைத் தொடும் மனிதர். சாயப்பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, அது மூடிய பிறகு கல்லூரிக்கு வந்தவர். பழைய பழக்கத்தில் ஒரு பட்டறையிலிருந்து ஆர்ஓ தண்ணீரைக் கேன் கேனாகக் கொண்டுவந்து இறக்கினார். எனக்கு மகா சந்தோஷம்.

அதற்குப் பிறகு கோடு ஏறவேயில்லை.

முதலில் ஆட்டின் மேல் சந்தேகப்பட்டேன். பாயிடம் போய், ஆடு அறுத்து எவ்வளவு நேரமாச்சு என்று துருவித் துருவிக் கேட்டு அவர் வாயால் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு ஃப்ரீசரின் மேல். பிறகு சென்னையிலிருந்து வந்த ரசாயனத்தின் மேல். பிறகு, வேறு யாரும் மிச்சமில்லாததால், என் கையின் மேல். ஆவணி முழுக்க கோடு படுத்தே கிடந்தது. நான் ஸ்டோரில் போய் நின்று புலம்புவேன். "சரியாவே வரலீங்கண்ணா." அவர் உச்சுக் கொட்டுவார். தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்கூட அப்படி வருந்த மாட்டார்.

நெறியாளர் ஒரு மாலையில் கூப்பிட்டார். மேஜை மேல் பழைய ஆய்வேடு ஒன்று, சாயக் கழிவில் பாக்டீரியா.

"சும்மா புரட்டிப் பாருங்க. கமிட்டிக்கு முன்னால நாமளே மாத்திட்டோம்னா மரியாதையா இருக்கும்."

"கமிட்டி வரைக்கும் டைம் இருக்குங்க சார்."

"அடம் பிடிச்சா புரதம் கூடுமாம்மா?"

கூடாதுதான். ஆனால் அடம் பிடிக்காமல் விட்டாலும் கூடாதே! அந்த ஆய்வேட்டை நான் தொடவில்லை. வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்று நன்றாக அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். இது என் அம்மா சொல்வது.

ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டத்துக்கு இன்னும் ஒரு வாரக்கடைசிதான் மிச்சம். பி.எஸ்சி. முதல் வருடப் பிள்ளைகளுக்குத் தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தேன். அம்மோனியா வாடை மூக்கைத் துளைக்கும் பரிசோதனை. தண்ணீரில் ஒரு கருப்புப் பொடியைச் சிட்டிகை போட வேண்டும். கால்சியமோ மெக்னீசியமோ இருந்தால் திராட்சைச் சிவப்பு வரும். எதுவும் இல்லையென்றால் நீலம். திருப்பூர்க் குழாய்த் தண்ணீரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அடர் சிவப்பு வந்தது. வகுப்பு முடிந்ததும் என் ஆர்ஓ தண்ணீரையும் போட்டுப் பார்த்தேன். ஒருவேளை பட்டறைத் தண்ணீரில் கால்சியம் இருந்து என் குழாய்களைக் கலைக்கிறதோ என்று ஒரு நப்பாசை.

நீலம். சுத்தமான நீலம். அப்படியானால் கால்சியம் இல்லை. மனம் சோர்ந்துபோனது. கழுவி வைப்பதற்கு முன்னால், பொடி சரியாகத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க, அதே தண்ணீரில் மெக்னீசியம் கரைசலைச் சொட்டினேன். சிவக்க வேண்டும். சிவக்கவில்லை. இன்னும் சொட்டினேன். நீலமாகவே நின்றது. மறுபடியும் சொட்டினேன். கல்லுளிமங்கன் மாதிரி அசையவில்லை.

குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். இந்தத் தண்ணீருக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டு, போடுகிற மெக்னீசியத்தையெல்லாம் விழுங்குகிறது. அது விழுங்கினால் டியூபுலினுக்கு எங்கே மிச்சம்? இரண்டு மாதமாக நான் சட்டி நிறையப் புரதத்தை வைத்துக்கொண்டு, அதைக் கூட வைக்கிற உலோகம் கிடைக்காமல் பட்டினி போட்டிருக்கிறேன்.

ஸ்டோருக்கு ஓடினேன்.

"அண்ணா, இந்தக் கேன் தண்ணியில என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலீங்களே மேடம். சுத்தமான ஆர்ஓ தண்ணிங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"என்ற குலதெய்வத்து மேல சத்தியமா ஒண்ணும் இல்லீங்க. எப்பவும் போடற சீக்வெஸ்டரிங் மட்டுந்தானுங்க."

சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்கள் யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டாம். தண்ணீரில் இருக்கிற கால்சியம், மெக்னீசியம், இரும்பு எல்லாவற்றையும் பிடித்து அடக்கி வைக்கிற மருந்து அது. அதைப் போடாமல் சாயம் ஏற்றினால் துணியில் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். போட்டதை யாரும் போட்டதாகவே கணக்கில் வைக்க மாட்டார்கள். சோற்றுக்கு என்ன போட்டாய் என்று கேட்டால் அரிசி என்போம், உப்பு என்று சொல்வோமா?

"எதுக்குங்கண்ணா போட்டீங்க?"

"ஆர்ஓன்னு சொல்லிப்போட்டுப் போர் தண்ணியக் கலந்து உட்டுருவானுங்க மேடம். எனக்குத் தெரியாதுங்களா அவனுங்களை? உங்க சோதனை கெட்டுப்போயிரக் கூடாதுன்னு கேனுக்கு ஒரு மூடி ஊத்துனனுங்க. நீங்க சரியா வரலைன்னு சொன்னீங்களா, அப்பறம் ரெண்டு மூடியாக்கினேன். போன வாரம் ரொம்ப வருத்தப்பட்டீங்க, அதனால இப்ப மூணுங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, இங்கே பிள்ளையார் பிடித்தது ஒருவர், குரங்கு வந்தது என் தலையில். கோபம் உச்சிக்கு ஏறியது. வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். நான் எவ்வளவு புலம்பினேனோ அவ்வளவு ஊற்றியிருக்கிறார், பாவி மனிதர். திட்ட வந்த வாயில் சிரிப்பு வந்துவிட்டது. சாயத் தண்ணி வேண்டாம் என்று ஊரோடு சண்டை போட்டு ஓடியவளை, சாயப்பட்டறையே கேனில் ஏறி வந்து பிடித்திருக்கிறது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு மூடி வேண்டுமா என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை கூட்டம். ஞாயிறன்று கல்லூரியைத் திறக்க மாட்டார்கள். மிச்சம் இருந்தது சனிக்கிழமை மட்டும். அது புரட்டாசிச் சனிக்கிழமை.

புரட்டாசி மாதம் எங்கள் வீட்டில் கவுச்சி அடுப்பேறாது. சனிக்கிழமை என்றால் பெருமாளுக்குப் படையல். அன்றைக்கு நம் வீட்டுப் பெண் மட்டன் கடை வாசலில் நின்றாள் என்று யாராவது பார்த்துவிட்டால், அந்தச் செய்தி குண்டடம் வரைக்கும் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

"வேற நாளே கெடைக்கலையா உனக்கு?" என்றாள் அம்மா.

"திங்கக்கிழமை கமிட்டிம்மா. நாளைக்கு உட்டா அவ்வளவுதான்."

"மாத்தச் சொன்னா மாத்திட்டுப் போறது. சாயத் தண்ணி ஊருக்கு நல்லதுதானே கண்ணு? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேர் ஏற்கெனவே சொல்லி முடிச்சுட்டாங்கம்மா. மூளை கெட்டவ மூளை வாங்கறான்னு."

காலையில் நான் கிளம்பும்போது அம்மா பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று, என் காதில் விழுகிற மாதிரி, எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பின்வாசல் வழியாகப் போகவில்லை. முன்வாசல் வழியாகவே, ஐஸ் பெட்டியை வண்டியின் முன்னால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு போனேன். ஒளிக்க என்ன இருக்கிறது? எந்தச் சாமியும் அறிவைத் தேடிப் போகிறவளைத் தீட்டு என்று சொல்லாது. சொன்னால் அந்தச் சாமியோடு நான் பேசிக்கொள்கிறேன்.

"சனிக்கிழமையுமா?" என்றார் பாய். "இந்த மாசம் உங்க ஆளுங்க யாரும் இந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்க மாட்டாங்களேம்மா."

"இன்னைக்கு வேணுங்க பாய். நல்லதாக் குடுங்க."

"இன்னைக்குப் போட்டிக்கு ஆளே இல்லை. அத்தனையும் உனக்குத்தான்," என்று பெட்டி நிறையக் கொடுத்தார்.

வழியில் மருந்துக்கடைகளில் ஏறி இறங்கி, ஊசி மருந்து கலக்குவதற்கான சுத்தத் தண்ணீர் பாட்டில்களை வாங்கினேன். ஒரு கடைக்காரர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். கல்லூரியில் அந்தத் தண்ணீரில் முதலில் பொடியைப் போட்டு, மெக்னீசியம் சொட்டினேன். முதல் சொட்டிலேயே சிவந்தது. பிறகு அரைத்து, சுழற்றி, சூடாக்கி, குளிர்வித்து, மறுபடியும் சூடாக்கி, பொழுது சாயும் நேரத்தில் கருவிக்குள் வைத்தேன். ஸ்டோர் அண்ணன் வீட்டுக்குப் போகாமல் கதவோரம் நின்றார். எதையும் தொட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கோடு படுத்திருந்தது. அப்புறம் தலையைத் தூக்கியது. தூக்கியது ஏறியது. ஏறிக்கொண்டே போய் ஓர் உயரத்தில் நின்றது. ஐஸில் வைத்தேன், இறங்கியது. மறுபடியும் சூடு, மறுபடியும் ஏற்றம். அதே கரைசலில் சீக்வெஸ்டரிங்கை ஒரு துளி விட்டுச் சூடாக்கினேன். கோடு படுத்துக்கொண்டது. அதற்கு மேல் மெக்னீசியத்தைத் தாராளமாகக் கொடுத்தேன். எழுந்தது. ஒரு உலோகத்தை எடுத்தால் விழுகிறது, கொடுத்தால் எழுகிறது. புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் என் கையால், என் ஊரில், என் ஊர்ப் பிழையாலேயே பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை குழுவின் முன்னால் எல்லாக் கோடுகளையும் காட்டினேன். சீக்வெஸ்டரிங் கதையையும் சொன்னேன். இன்னொரு உறுப்பினர் வாய்விட்டுச் சிரித்தார். தலைவர் தலையை ஆட்டினார். "நல்லா பண்ணியிருக்கீங்க. கூடுது, ஒத்துக்கறேன்."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்டது தப்பு.

"ஆனா ஒண்ணு," என்றார். "இதனால இந்தப் பகுதிக்கு என்ன பயன்? நீங்களே உலோகத்தைப் பத்தித்தான் பண்றீங்க. சாயக் கழிவுலயும் உலோகம் இருக்கு. தலைப்புல 'திருப்பூர் சாயக் கழிவில் உள்ள உலோகங்கள்'னு சேத்துக்குங்க. ஒரே ஒரு வரி. வேலை அதேதான். எல்லாருக்கும் நல்லது."

நெறியாளர் என்னைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிடு என்று அவர் கண் கெஞ்சியது. ஒரே ஒரு வரிதான். யாருக்கு நஷ்டம்? ஆனால் நான் கழிவிலிருந்து எந்த உலோகத்தையும் எடுக்கவில்லை. அந்த வரி பொய். அதுவும் போகட்டும். அந்த வரியை எழுதினால், இந்த ஊரில் பிறந்தவள் இந்த ஊரின் அழுக்கைத் தவிர வேறு எதையும் யோசிக்கக் கூடாது என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்.

"சேக்க மாட்டேனுங்க சார்," என்றேன்.

"ஏன்?"

"எங்கப்பா நிட்டிங் மெஷின் ஓட்டறாருங்க. அதுல ஓடற துணி எந்த நாட்டுக்காரன் மேலுக்குப் போகுதுன்னு அவருக்கே தெரியாது. அந்தத் துணியால திருப்பூருக்கு என்ன பயன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லீங்க. உலகத்துக்கே நாங்க பனியன் போட்டு அனுப்பலாம். உலகத்துல இருக்கற ஒரு விஷயத்தை யோசிக்கறதுக்கு மட்டும் ஊருக்கு என்ன லாபம்னு காட்டணுமுங்களா? ஒரு புரதம் குழாயா இருந்தது ஏன் தாளா விரியுதுன்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதானுங்க."

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"அப்ப பயன் எதுவும் இல்லைன்னு ஒத்துக்கறீங்க?"

"எனக்குத் தெரியாதுன்னு ஒத்துக்கறேனுங்க."

தலைவர் என் நெறியாளர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எதிர்பார்த்ததை அவர் சொல்லவில்லை. "தலைப்பு இருக்கற மாதிரியே இருக்கட்டுங்க சார்," என்றார்.

தலைவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நியாயமில்லாதவர் அல்ல. "சரி. துத்தநாகம் போட்டா தாளா விரியும்னு சொல்றீங்க. அடுத்த கூட்டத்துக்கு எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல படம் எடுத்துட்டு வாங்க. படம் இல்லைன்னா அந்த வரி சேரும்," என்று சொல்லி எழுந்துவிட்டார்.

நெறியாளரோடு வெளியே நடந்தேன். பைக்கிடம் வந்ததும் சொன்னார்.

"எனக்கு மீன் கண்ணைப் பத்திப் படிக்கணும்னு ஒரு காலத்துல ஆசைம்மா. ஆழத்துல இருக்கற மீனுக்கு எப்படிக் கண்ணு தெரியுதுன்னு."

"அப்பறம் என்னாச்சுங்க சார்?"

"சாயத் தண்ணிதான்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

தை மாதம் கோயம்புத்தூரில் மைக்ராஸ்கோப்புக்கு நேரம் கிடைத்தது. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். இரண்டு மாதிரிகள். முதலாவதில் மெக்னீசியம் மட்டும். இரண்டாவதில் துத்தநாகமும். ஒருவேளை விரியவில்லை என்றால் அந்தப் பொய் வரி என் பெயரோடு சேர்ந்து சாகும்வரை நிற்கும்.

கருவியை இயக்கியது ஒரு இளைஞர். முதல் மாதிரியில் குழாய்கள், நீள நீளமாக. இரண்டாவதை உள்ளே தள்ளினார். திரை வெறுமையாக இருந்தது. நகர்த்தினார். வெறுமை. நான் நகத்தைக் கடித்தேன். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

அங்கே கிடந்தது. அகலமாக, தட்டையாக, பக்கத்தில் பக்கத்தில் இழையோடி, அப்பாவின் ஷெட்டில் கிழித்து விரித்த துணி கிடக்கிற மாதிரி. ஓரங்கள் பிசிறியிருந்தன. ஓரிடத்தில் லேசாக மடிந்திருந்தது. கத்தி படாத துணி. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

இளைஞர் படம் எடுத்துக்கொண்டே கேட்டார். "மேடம் எந்த ஊருங்க?"

"திருப்பூர்."

"ஓ, அப்ப இது சாயத் தண்ணியில இருந்து எடுத்ததுங்களா?"

"இல்லீங்க," என்றேன். "ஆட்டு மூளை. அந்த மடிப்புக்கிட்ட இன்னும் பெருசு பண்ணுங்க, அது ஏன் அங்க மட்டும் மடிஞ்சிருக்குன்னு பாக்கணும்."